தராசு வந்த வாரம்

தாட்சாயணிக்கு அந்த வேலை கிடைத்ததற்கு இரண்டு காரணங்கள். எட்டாம் வகுப்பு வரை படித்திருந்தாள். தமிழும் தெலுங்கும் ஒரே வேகத்தில் பேசுவாள். 1957 கார்த்திகையில் உணவு ஆய்வுக்கென்று திருப்பதியில் ஒரு தற்காலிக அலுவலகம் திறந்தார்கள். சித்தூர் ஜில்லாவில் முப்பது ஊர்களைப் பொறுக்கி, ஜனங்கள் நிஜத்தில் என்ன சாப்பிடுகிறார்கள், எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று நிறுத்துப் பார்ப்பது அதன் வேலை. எந்த ஊருக்கு மலிவுத் தானியக் கடை, எந்த ஊரில் பிள்ளைகளுக்கு உணவு நிலையம் என்று அதை வைத்துத்தான் சர்க்கார் முடிவு செய்யும். அடுப்பு வரைக்கும் போக வேண்டிய வேலை என்பதால் பெண்களைத் தேடினார்கள். நகரி, புத்தூர் பக்கத்தில் பாதி வீடுகள் தமிழ் வீடுகள். அங்கே போய்ப் பேச ஆள் வேண்டியிருந்தது.

அவளுடைய ஊர் ஆலங்கொல்லை, நகரியிலிருந்து நாலு மைல். கணவன் செங்கல்வராயன் அந்த ஊர்த் தொடக்கப் பள்ளியில் தமிழ் வாத்தியார். அவர்களுக்கு இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம் இருந்தது; வேர்க்கடலை போடுவார்கள். பிள்ளை இல்லை. ஆந்திரா தனி மாநிலமாகி நாலு வருஷம் ஆகியிருந்தது. பள்ளியில் தமிழ்ப் பிரிவு எத்தனை நாள் ஓடும் என்று செங்கல்வராயனுக்கே தெரியவில்லை. "நீ போ. ஒருத்தர் சம்பாத்தியத்த நம்பிக்கினு இருக்கற காலம் இல்ல இது," என்றான்.

அலிபிரிக்குப் போகும் சாலையில் ஒரு வாடகை வீட்டின் மாடியில் பதினைந்து நாள் பயிற்சி. தலைமை அதிகாரி ரங்கையா மெட்ராஸில் படித்தவர், நாற்பது வயது, மெதுவாகப் பேசுவார். வேலை என்னவென்றால், தேர்ந்தெடுத்த வீட்டுக்கு ஏழு நாள் தொடர்ந்து போக வேண்டும். உலையில் போடுவதற்கு முன்னால் அரிசி, கேழ்வரகு, பருப்பு, கீரை, எண்ணெய் எல்லாவற்றையும் தட்டுத் தராசில் வைத்து அவுன்ஸ் கணக்கில் எழுத வேண்டும். வீட்டில் எத்தனை பேர் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. வேலை செய்யும் ஆண் முழு ஆள். பெண் பத்தில் எட்டு. பிள்ளைகள் வயதுக்குத் தகுந்தபடி ஐந்து, ஆறு. மொத்த எடையை அந்த ஆள் கணக்கால் வகுத்தால் ஆளுக்கு நாளைக்கு எத்தனை அவுன்ஸ் தானியம் என்று வரும். பதினாலுக்கு மேல் வந்தால் அந்த ஊர் தேவலை. கீழே வந்தால் குறையுள்ள ஊர்.

தாட்சாயணி அந்த வேலையைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். ஆறு மாதத்தில் ஒன்பது ஊர் முடித்தாள். அவள் நிரப்பும் சர்க்கார் பாரம் ஒன்றில்கூட அடித்தல் திருத்தல் இருக்காது. மற்ற பெண்கள் எழுதியதை ரங்கையா அவளிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்வார்.

1958 ஆடியில் ஆலங்கொல்லையின் முறை வந்தது. ஆய்வுக்கு ஒரு மாதம் முன்பே ஊரில் அறிவிக்க வேண்டும், வீட்டுக்காரர்களிடம் சம்மதம் வாங்க வேண்டும் என்பது விதி. கிராம முன்சீப் தண்டோரா போட்டார். பத்து வீடுகளின் பெயரைச் சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். அதில் கருப்பன் வீடும் ஒன்று. ஊருக்குக் கிழக்கே கூலிக்காரர் தெருவில் குடிசை. கருப்பன், அவன் மனைவி லட்சுமம்மா, இரண்டு பையன்கள், கடைசியாக வள்ளி என்று ஐந்து வயதுப் பெண்.

முதல் நாள் தாட்சாயணி தராசோடு போனபோது லட்சுமம்மா வாசல் பெருக்கி, சாணம் தெளித்து வைத்திருந்தாள். பானையிலிருந்து அரிசியை அள்ளித் தட்டில் கொட்டினாள். சுத்தமான நெல்லரிசி. அப்புறம் துவரம்பருப்பு.

"இன்னா எழுதறீங்க, வாத்தியாரம்மா?"

"அவருக்கு ஒண்ணு. உனக்குப் பத்துல எட்டு."

"நாத்து நடச்சொல்ல நான் எட்டுப் பங்கா நட்டுட்டு வந்தேன்?" என்று லட்சுமம்மா சிரித்தாள். தாட்சாயணியும் சிரித்துவிட்டாள்.

இரண்டாம் நாள் வள்ளி சாப்பிட்டதையெல்லாம் வாந்தி எடுத்தாள். வயிறு உப்பி, சுவரோரம் சுருண்டு கிடந்தாள். 'குழந்தைக்கு உடம்பு சரியில்லை' என்று தாட்சாயணி பாரத்தில் எழுதினாள். ஏன் என்று கேட்கவில்லை. அந்தத் தெருவில் அவள் பார்த்த மற்ற மூன்று வீடுகளிலும் அரிசிப் பானை நிறைந்திருந்தது. ஆடி மாதத்தில் கூலிக்காரர் வீட்டில் இவ்வளவு அரிசி ஏது என்று அவள் மனதில் ஒரு கேள்வி எழுந்தது. ஆனால் தட்டில் இருப்பதை எழுது, நீயாக ஒன்றும் கூட்டாதே குறைக்காதே என்பது பயிற்சி. ஏழு நாளும் எழுதினாள். கருப்பன் வீட்டுக்கு ஆளுக்குப் பதினைந்து அவுன்ஸ் வந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.

இருபது நாள் கழித்து, ஏரிக்கரை வழியாகப் பள்ளிக்குச் சோறு கொண்டு போகும்போது வள்ளி எதிரே வந்தாள். "எக்கா, தராசு மறுபடி எப்ப வரும்?" என்று கேட்டாள்.

"ஏன்?"

"தராசு வந்தாதான் சோறு."

அன்று சாயங்காலமே தாட்சாயணி லட்சுமம்மா வீட்டுக்குப் போனாள். அடுப்பில் கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. கூழ் என்பதைவிடக் கேழ்வரகு மாவு கலந்த தண்ணீர் என்று சொல்லலாம். லட்சுமம்மா அவளைப் பார்த்ததும் தட்டை எடுத்துப் பானையை மூடினாள்.

"நீங்க ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது," என்றாள். "தண்டோரா போட்ட நாள்லருந்து ஒரு வேளதான் துன்னோம். கூலிக்கு வந்த அரிசில முக்கால்வாசிய பானையில போட்டு மூடி வெச்சிக்கினே வந்தேன். இந்தத் தெருவுல அல்லாரும் அப்படித்தான். சர்க்கார் மனுசாள் வந்து தொறந்து பாக்கச்சொல்ல வெறும் கூழு இருந்தா நல்லாவா கீது?"

"புள்ளைங்களுமா ஒரு வேள?"

லட்சுமம்மா அடுப்பிலிருந்த விறகை உள்ளே தள்ளினாள்.

தாட்சாயணி வீட்டுக்குத் திரும்பினாள். மற்ற ஒன்பது ஊர்களும் நினைவுக்கு வந்தன. அங்கேயும் சில வீடுகளில் பிள்ளைகள் சாப்பாட்டைக் கண்டு திணறியதை அவள் பார்த்திருக்கிறாள். இப்போது எதை நம்புவது என்று தெரியவில்லை. மறு வாரம் திருப்பதிக்குப் போனபோது ரங்கையாவிடம் சொன்னாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "கொஞ்சம் கூடக்குறைய இருக்கும்மா. முப்பது ஊர் சராசரில சரியாப் போயிரும்," என்றார். அவளும் அதைப் பிடித்துக்கொண்டாள். பெரிய படிப்புப் படித்தவர் சொல்கிறார், சரியாகத்தான் போகும்.

1959 சித்திரையில் அறிக்கை அச்சாகி வந்தது. முப்பது ஊரில் இருபத்திரண்டு குறையுள்ளவை. மீதி எட்டு தேவலை. ஆளுக்குப் பதினைந்து அவுன்ஸ் என்று ஆலங்கொல்லையும் அந்த எட்டில் ஒன்று. இரண்டு மைல் தள்ளியிருக்கும் கொல்லமேட்டில் உணவு நிலையம் திறந்தார்கள். எண்பது பிள்ளைகளுக்குத் தினம் பால், வாரத்துக்கு இரண்டு நாள் மீன் எண்ணெய். ஆலங்கொல்லைப் பிள்ளைகள் அங்கே போய் வரிசையில் நின்றார்கள். பட்டியலில் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

அந்த வருஷம் ஐப்பசி மழை பொய்த்தது. ஏரி காய்ந்தது. வேர்க்கடலை பிஞ்சிலேயே கருகியது. வேலி ஓரத்துக் கீரைகூட இல்லாமல் போனது. கூலி வேலை கிடைக்காமல் கருப்பன் ரேணிகுண்டாப் பக்கம் கல் உடைக்கப் போனான்.

மார்கழியில் வள்ளிக்குப் பொழுது சாய்ந்தால் கண் தெரியவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு நடந்தாள். லட்சுமம்மா முதலில் பிள்ளை விளையாடுகிறது என்று நினைத்தாள். அப்புறம் வலது கண்ணில் வெள்ளை விழுந்தது. தாட்சாயணிதான் அவர்களை ரயிலில் திருப்பதி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் இமையை விலக்கிப் பார்த்தார். "சத்துக் குறைவு. ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா மீன் எண்ணெய் குடுத்தே காப்பாத்தியிருக்கலாம். இந்தக் கண்ணு அவ்வளவுதான். இன்னொண்ணப் பாத்துக்கலாம்," என்றார்.

லட்சுமம்மா அழவில்லை. திரும்பி வரும் வழி முழுக்க வள்ளியின் முகத்தை முந்தானையால் மூடி, வெயில் படாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். நகரியை ஒட்டிய ஏகாம்பரக்குப்பம் ஸ்டேஷனில் இறங்கும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கொல்லமேட்டுல அந்த எண்ணெதான குடுக்கறாங்க?"

"ஆமா."

வள்ளியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு லட்சுமம்மா ஊர்ப் பக்கம் நடந்தாள்.

தை பிறந்ததும் தாட்சாயணி ஒரு கடிதம் எழுதினாள். ஆலங்கொல்லையில் தான் எழுதிய எடைகள் அந்த ஊரின் வழக்கமான சாப்பாடு அல்ல, முன்னறிவிப்பால் ஜனங்கள் பட்டினி கிடந்து சேர்த்து வைத்தது, அதைத் தெரிந்த பிறகும் எழுத்து மூலம் சொல்லாதது தன் தவறு என்று தெலுங்கில் எழுதி, தானே எடுத்துக்கொண்டு போனாள்.

ரங்கையா இரண்டு முறை படித்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இதை நான் வாங்கினா மேலே அனுப்பணும். அனுப்பினா என்ன ஆகும் தெரியுமா?" என்றார். "ஒரு ஊர்ல பொய்னா முப்பதும் பொய்ம்பாங்க. இருபத்திரண்டு ஊருக்குப் பணம் ஒதுக்கினதே பிடிக்காதவங்க இருக்காங்க. அறிக்கையைத் தூக்கிப் போட ஒரு காகிதம்தான் தேடறாங்க. கொல்லமேட்டுல எண்பது பிள்ளைங்க பால் குடிக்குது. அதை நிறுத்தலாமா? நீ சொல்லு."

"அந்த ஊர்லயும் சேத்து வெச்சித்தான் சார் காட்டியிருப்பாங்க. அப்படியும் குறைன்னு வந்துதுன்னா நெலம இன்னும் மோசம்னுதான அர்த்தம்?"

"அது உனக்குப் புரியுது, எனக்குப் புரியுது. ஃபைல் பாக்கறவனுக்குப் புரியாது."

"எங்க ஊரு புள்ளைங்க?"

"அடுத்த சுற்று வரும்."

"எப்ப சார்?"

அவர் மேஜைமேல் இருந்த ஜில்லாப் படத்தைக் காட்டினார். திருத்தணிப் பக்கம் மெட்ராஸுக்குப் போகிறது, சத்தியவேடுப் பக்கம் இங்கே வருகிறது; ஏப்ரல் ஒன்றாம் தேதி எல்லை மாறும். எந்த ஊர் எந்தப் பக்கம் என்று முடிந்த பிறகுதான் புதுப் பட்டியல் போட வேண்டும் என்று உத்தரவு. ஆலங்கொல்லை ஆந்திராவிலேயே நிற்கிறது. ஆனால் அந்தத் தாலுகாவின் காகிதங்கள் எல்லாம் பிரித்துக் கட்டுகிற வேலையில் மாட்டிக்கொண்டிருந்தன.

தாட்சாயணி கடிதத்தைக் கொடுக்கவும் முடியாமல், கிழிக்கவும் முடியாமல் பைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் செங்கல்வராயன் வேறு ஒரு காகிதத்தோடு காத்திருந்தான். எல்லை மாறுவதால் மெட்ராஸ் பக்கம் போக விரும்பும் தமிழ் வாத்தியார்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று வந்திருந்தது. அவன் எழுதிக் கொடுத்து, திருத்தணிக்குத் தெற்கே ஒரு பள்ளியில் இடமும் கிடைத்துவிட்டது. பங்குனிக்குள் போய்ச் சேர வேண்டும்.

"அங்க போனா நானு வாத்தியார். இங்க இருந்தா தெலுங்கு பரீட்ச எழுதச் சொல்லுவான். உனக்கும் இந்தத் தலவலி வுட்டுது. கெளம்பு," என்றான்.

அவளுக்கும் போகத்தான் ஆசை. அன்று முழுக்கப் பாத்திரங்களை எடுத்து வைப்பதும் இறக்கி வைப்பதுமாக இருந்தாள். போய்விட்டால் ஆலங்கொல்லைக்காகப் பேச அந்த அலுவலகத்தில் ஒருவரும் இல்லை. அச்சான பதினைந்து அவுன்ஸ் அப்படியே நிற்கும். போகாவிட்டால் அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு அதே வேலையைச் செய்ய வேண்டும்.

மாசியில் அவள் பத்து நாள் விடுப்பு எழுதிப் போட்டாள். சுற்றுகளுக்கு நடுவே தராசு அவள் பொறுப்பில் வீட்டில்தான் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு, யாருக்கும் முன்னால் சொல்லாமல், விடிந்ததும் அதே பத்து வீடுகளுக்குப் போனாள். சர்க்கார் பாரம் இல்லை. ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டுக்கொண்டாள். முதல் பக்கத்தில் தன் வீட்டு அடுப்பில் ஏறுவதையே நிறுத்து எழுதினாள்.

ஏழு வீடுகள் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே விட்டன. இரண்டு வீட்டில் ஆட்களே இல்லை, பிழைக்கப் போய்விட்டார்கள். லட்சுமம்மா தராசைப் பார்த்ததும் படலைச் சாத்தினாள்.

"அன்னிக்கு அரிசி இருந்துச்சி, வந்து நிறுத்தீங்க. இன்னிக்கு ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சே வந்துக்கிறீங்களா?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் படல் திறக்கவில்லை. நாலாம் நாள் தாட்சாயணி தராசைக் கீழே வைத்துவிட்டு வெளியிலேயே உட்கார்ந்தாள்.

"தப்பு உன்னுது இல்ல. நீ சேத்து வெச்சது எனக்குத் தெரிஞ்சப்புறமும் அப்பவே எழுதிக் குடுக்கல. வாய்ல சொல்லிட்டு வந்துட்டேன்."

"இப்ப எழுதினா எம் பொண்ணு கண்ணு வருமா?"

"வராது."

உள்ளே பானைகளை நகர்த்தும் சத்தம் கேட்டது. பிறகு படல் நகர்ந்தது. லட்சுமம்மா ஒரு முறத்தைக் கொண்டு வந்து தராசுக்கு முன்னால் வைத்தாள். கொஞ்சம் கேழ்வரகு. சுட்டுத் தின்பதற்குத் தோண்டி வந்த கற்றாழைக் கிழங்கு. உப்பு.

"எழுதுங்க," என்றாள். "கிழங்கையும் எழுதுங்க. அதுக்கு உங்க பொஸ்தகத்துல எடம் இருக்குதா?"

இல்லை. பாரத்தில் அப்படி ஓர் இனமே கிடையாது. தாட்சாயணி தன் நோட்டில் தனியாக ஒரு பத்தி போட்டுக்கொண்டாள். வள்ளி பக்கத்தில் வந்து, இடது கண்ணைத் தராசு முள்ளுக்குக் கிட்டே கொண்டுவந்து பார்த்தாள். தானியம் ஆளுக்கு ஆறு அவுன்ஸ்தான் வந்தது.

லட்சுமம்மா வீட்டிலும் ஏழு நாள் முடிந்ததும் நோட்டை ரங்கையாவிடம் கொண்டு போனாள். விடுப்பில் இருந்துகொண்டு சர்க்கார் தராசை எடுத்தது குற்றம் என்று அவர் முதலில் கோபப்பட்டார். பிறகு பக்கங்களைப் புரட்டினார். கிழங்குப் பத்தியில் விரலை வைத்து நின்றார். அவருக்கும் ஒன்றரை வருஷமாக ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். "தமிழ்லயே எழுதியிருக்கியே. யார் படிப்பாங்க?" என்று மட்டும் கேட்டார்.

"தெலுங்குல எழுதித் தரேன் சார்."

ஒரு மணி நேரம் யோசித்து அவர் ஒரு வழி சொன்னார். இதைத் திருத்தம் என்று அனுப்ப முடியாது. பஞ்ச காலத் தனி ஆய்வு என்று அனுப்பலாம். அப்போது பழைய அறிக்கைக்கும் பழுதில்லை, ஆலங்கொல்லைக்கும் வழி பிறக்கும். ஆனால் அச்சான எண் அச்சானதுதான், அதை மாற்ற முடியாது. இன்னொன்று, எடை போட்டவள் வேலையில் இருந்து பதில் சொன்னால்தான் இந்த ஆய்வு நிற்கும். தமிழ் தெரிந்த மற்ற இரண்டு பெண்களும் மெட்ராஸ் பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் நின்றுபோன தமிழ் ஊர்களுக்கு இனி அவள் ஒருத்திதான்.

"ரெண்டு வருஷம்," என்றார் ரங்கையா. "அடுத்த சுற்று முடியட்டும். அப்புறம் நீ போகலாம்."

செங்கல்வராயன் அதைக் கேட்டுவிட்டு, கட்டி வைத்திருந்த பாத்திர மூட்டையை அவிழ்த்தான். "ரெண்டு வருஷம்னா ரெண்டு வருஷந்தான?" என்றான் கடைசியில். மார்ச் மாதக் கடைசி வாரத்தில் ஒரு டிரங்குப் பெட்டியோடு ரயில் ஏறினான். முதல் நாலைந்து மாதம் சனிக்கிழமை தவறாமல் வந்தான். அப்புறம் மாதம் இரண்டு தடவை.

ஆலங்கொல்லையில் உணவு நிலையம் 1961 ஆவணியில் திறந்தது. அறுபத்தைந்து பிள்ளைகள். வள்ளிக்கு அப்போது எட்டு வயது. ஐந்து வயதுக்கு மேல் மீன் எண்ணெய் கிடையாது என்றார்கள். லட்சுமம்மா அப்படியும் அவளை வரிசையில் நிறுத்தினாள். நிலையத்தைப் பார்த்துக்கொள்ள வந்தவள் இரண்டு நாள் மறுத்தாள், மூன்றாம் நாள் ஊற்றினாள்.

இரண்டு வருஷம் முடிந்தபோது ரங்கையாவுக்கு ஹைதராபாத்துக்கு மாற்றல் ஆகிவிட்டது. புதிதாக வந்தவருக்கு அவர் கொடுத்த வாக்கு தெரியாது. தாட்சாயணி வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்தாள். உன் பெயரில் ஒரு தனி ஆய்வு நிலுவையில் இருக்கிறது, அது தணிக்கை முடியும்வரை விடுவிக்க முடியாது, மீறிப் போனால் நற்சான்று கிடைக்காது என்று பதில் வந்தது. செங்கல்வராயன் படித்துவிட்டுக் காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தான். அவனுக்கு அரக்கோணத்துக்கு மாற்றல் வந்திருந்தது. நிலத்தை விற்றுவிடலாமா என்று கேட்டான். இருக்கட்டும் என்றாள்.

வேலையிலேயே நின்றுவிட்ட அவள், முன்னறிவிப்பு வேண்டாம் என்று மூன்று தடவை எழுதினாள். சம்மதம் வாங்காமல் வீட்டுக்குள் போவது முறையல்ல என்றார்கள். அதுவும் நியாயம்தான். பாரத்தில் 'போன மாதம் என்ன சாப்பிட்டீர்கள்' என்று ஒரு கேள்வி சேர்க்கச் சொன்னாள். ஞாபகத்தில் சொல்வது எடை ஆகாது என்றார்கள். 1966 பஞ்சத்தில் ஆலங்கொல்லைக்கு மலிவுத் தானியக் கடை கேட்டபோது, ஒரு குமாஸ்தா பழைய அச்சுப் புத்தகத்தை எடுத்து, பதினைந்து அவுன்ஸ் உள்ள ஊர் என்று காட்டினான். அவள் தனி ஆய்வின் நகலைத் தேடி எடுத்துக்கொண்டு சித்தூருக்கு மூன்று நடை நடந்தாள். கடை வந்தது, ஆறு மாதம் தாமதமாக.

அதற்கடுத்த வருஷம் சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் சுற்று. தண்டோரா போட்ட மறுநாளே தாட்சாயணி தன் சொந்தச் செலவில் அங்கே போனாள். பத்து வீட்டுப் பெண்களையும் பார்த்தாள். "எனக்காக ஒண்ணும் சேத்து வெக்காதீங்க. எப்பவும் துன்றதையே துன்னுங்க. கூழுன்னா கூழுன்னே எழுதிக்கறேன். கொறவா எழுதினாதான் உங்க ஊருக்கு நல்லது," என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னாள். எல்லோரும் சரி என்று தலையாட்டினார்கள். செல்லியம்மா என்ற பெண் மோர் கொடுத்து அனுப்பினாள்.

ஒரு மாதம் கழித்துத் தராசோடு போனபோது செல்லியம்மாவின் அரிசிப் பானை விளிம்பு வரை இருந்தது.

"நான் அவ்வளவு சொன்னேனே," என்றாள் தாட்சாயணி.

"சொன்னீங்க. அதுக்காக வீட்டுக்கு வந்தவங்க முன்னாடி காலிப் பானையத் தொறக்க முடியுமா?" என்று செல்லியம்மா அரிசியைத் தட்டில் கொட்டினாள். அவளுடைய மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டிருந்தது.

முள் நிற்கும்வரை தாட்சாயணி காத்திருந்தாள். பாரம் இன்னும் பழைய கணக்கிலேயே இருந்தது; ஐம்பத்து நாலு அவுன்ஸ் என்று எழுதினாள். பாரத்தின் ஓரத்தில் குறிப்புக்கென்று ஒரு விரல் அகலத்துக்கு இடம் இருந்தது. பெரிய எழுத்தாக எழுதிப் பழகிய அவள் கை, தண்டோராவுக்குப் பிறகு பட்டினி கிடந்து சேர்த்த அரிசி இது என்று அதில் பொடி எழுத்தாக நாலு வரி எழுதியது. பிறகு தராசைத் துடைத்துத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.